‘காரணம்’ என்னும் கட்டம்

நாளேடுகளில் நாம் அடிக்கடி சந்திக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘கஞ்சா போதையில் இளைஞர் வெறிச்செயல்’ என்பது அதன் வடிவம். ஊர் மாறும், ஆள் மாறும், வாக்கியம் மாறுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை என்னும் பெயர்கள் ஒருகாலத்தில் ஏரிப்பாசன வயல்களுக்கு உரியனவாய் இருந்தன. பின்னர் தொழில் வளர்ச்சிச் செய்திகளில் இடம்பெற்றன. இன்று இவ்வாக்கியத்திலும் இடம்பெறத் தொடங்கியுள்ளன.

திறனாய்வு என்பது கவிதைக்கும் புதினத்துக்கும் மட்டுமே உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஒரு சமுதாயம் நாள்தோறும் எழுதி, நாள்தோறும் படித்து, ஐயமின்றி நம்பும் வாக்கியங்களும் திறனாய்வுக்கு உரியவையே. மேற்கண்ட வாக்கியம் கஞ்சாவையும் சித்தக் கலக்கத்தையும் ஒரே மூச்சில் முடிச்சுப் போட்டுவிடுகிறது. இந்த முடிச்சை முதலில் போட்டவர் யார்? அது எந்த அளவுக்கு உண்மை? அதனால் பயன் பெறுவோர் யார், பாதிக்கப்படுவோர் யார்? இவற்றுக்கு விடை தேட, ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஓர் அறிக்கையை எடுத்துப் படிப்பது நலம்.

அறிக்கையின் பிறப்பு

1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரித்தானிய நாடாளுமன்றத்தில் மதுவிலக்குப் பற்றாளரான வில்லியம் கெய்ன் என்பவர் ஒரு கேள்வி எழுப்பினார். வங்காளத்தில் நடைபெறும் கஞ்சா வணிகமும் அதனால் மக்களுக்கு விளையும் கேடும் பற்றிய கேள்வி அது. இந்திய மனநோய் விடுதிகள் கஞ்சாக்காரர்களால் நிரம்பி வழிகின்றன என்னும் கருத்து அக்காலத்தில் பரவலாக நிலவியது. கேள்வியின் விளைவாக அதே ஆண்டு ஜூலையில் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. டபிள்யூ. மேக்வொர்த் யங் அதன் தலைவர். உறுப்பினர்களுள் மூவர் இந்தியர்: ராஜா சோஷி சிகரேஸ்வர் ராய், கன்வர் ஹர்னாம் சிங், லாலா நிஹால் சந்த்.

குழு நாடெங்கும் சென்றது. 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. 1894-இல் அது அளித்த அறிக்கையும் இணைப்புகளும் 3,000 பக்கங்களுக்கு மேல் விரிந்தன. இலக்கிய ஆர்வமுள்ளோர் இன்று அதிலிருந்து எடுத்துக் காட்டுவது, பம்பாய் அரசு அலுவலர் கேம்ப்பெல் என்பவர் பாங்கின் சமயத் தொடர்பு குறித்து எழுதிய குறிப்பை. அது சுவையான பகுதிதான். ஆயினும் அறிக்கையின் உயிர்நிலை மனநோய் விடுதிகளைப் பற்றிய பகுதியில்தான் இருக்கிறது. அதைப் படிப்போர் குறைவு.

கட்டத்தை நிரப்பியவர்கள்

விடுதிகளின் ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் எதிரே ‘நோய்க்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘கஞ்சா’ என்ற சொல் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தே, கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறது என்று பலரும் முடிவு கட்டியிருந்தனர். குழுவினர் கூட்டுத்தொகையோடு நிற்கவில்லை. கட்டத்தை நிரப்பியது யார் என்று கேட்டார்கள்.

விடை வியப்பளிப்பது. பெரும்பாலும் அதை நிரப்பியவர் மருத்துவர் அல்லர். தெருவில் அலைந்தவரைப் பிடித்துவந்த காவலரோ, விடுதிக்கு அனுப்ப ஆணையிட்ட நீதிபதியின் அலுவலகமோ எழுதி அனுப்பியதை விடுதியார் அப்படியே படியெடுத்துக்கொண்டனர். உறவினர் இல்லை, ஊர் தெரியவில்லை, முன்கதை தெரியவில்லை. ஆனால் படிவத்தில் கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விட முடியாது. ஆகவே கையில் கிடைத்த சொல் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு அந்தச் சொல் புள்ளிவிவரமாயிற்று. அதற்கடுத்த ஆண்டு அந்தப் புள்ளிவிவரமே சான்றாயிற்று. கஞ்சா பைத்தியம் தரும் என்று நம்பிய காவலர், நோயாளியின் கட்டத்தில் கஞ்சா என்று எழுதினார். அதைப் படித்த உலகம் அவர் நம்பிக்கையை மெய்யென்று ஏற்றது.

குழு 1892-ஆம் ஆண்டில் விடுதிகளில் சேர்க்கப்பட்ட நோயாளர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, ஊருக்கும் உறவினருக்கும் ஆளனுப்பி விசாரித்தது. அவ்வாண்டு சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களுள் 222 பேருக்குக் கஞ்சா முதலிய பொருள்களே காரணம் என்று பதிவேடுகள் கூறின. விசாரணை முடிந்தபோது, அப்படிக் கருத இடமிருந்தது 98 பேருக்கு மட்டுமே. வேறு காரணம் எதுவும் கலவாமல் இப்பொருள்களையே காரணமாகக் கொள்ளத்தக்கவர் 61 பேர். ஏறக்குறைய ஆறில் ஒருவர் என்று நம்பப்பட்டிருந்த கணக்கு, நூற்றுக்கு ஏழு என்ற அளவுக்கு இறங்கிற்று.

சென்னை மாகாணத்தில் அப்போது மூன்று மனநோய் விடுதிகள் இருந்தன: சென்னை, விசாகப்பட்டினம், கோழிக்கோடு. சென்னை விடுதி என்பது 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவந்ததே. இன்று அது மனநலக் கழகம் என்னும் பெயரில் தொடர்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவு. ஆனால் நம் பேச்சு வழக்கிலும் திரைப்பட நகைச்சுவையிலும் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது ஒரு வசைச்சொல். நோயுற்ற மகனை அங்கே அழைத்துச் செல்லத் தாய் ஒருத்தி தயங்குகிறாள் என்றால், அத்தயக்கத்தில் அந்தச் சிரிப்புக்கும் பங்குண்டு.

அறிக்கையின் நிறையும் குறையும்

இவ்வறிக்கையின் பெருமை அதன் முடிவுகளைக் காட்டிலும் அதன் வாசிப்பு முறையில் உள்ளது. எழுதப்பட்டதை அப்படியே ஏற்காமல், எழுதிய கையைத் தேடிச் சென்றது அது. ஓர் அரசுக் குழு தன் அரசின் பதிவேடுகளையே நம்ப மறுத்தது சிறிய செயலன்று.

ஆயினும் குறைகளும் உண்டு. அவற்றை மறைத்தால் நாம் திறனாய்வு செய்தவராகோம். முதலாவது, கஞ்சாவின் மீது அரசு வரி தண்டிவந்தது. தடை வேண்டாம், உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்தினால் போதும் என்ற குழுவின் முடிவு கருவூலத்துக்கும் உவப்பானதாகவே இருந்தது. இதனால் முடிவு பொய் என்றாகிவிடாது. ஆனால் படிப்பவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மூன்று இந்திய உறுப்பினர்களுள் சோஷி சிகரேஸ்வர் ராய், நிஹால் சந்த் ஆகிய இருவர் உடன்படாது தனிக் குறிப்பு எழுதினர் என்பதும் கருதத்தக்கது.

இரண்டாவது, குழு ஓராண்டில் விடுதிக்கு வந்தவர்களையே கணக்கில் கொண்டது. விடுதிக்கே வராமல் வீட்டுத் திண்ணையிலும் ஊர்ச் சாவடியிலும் கிடந்தவர்கள் கணக்கில் இல்லை. மூன்றாவது, எந்த வயதில் தொடங்கினார்கள், எத்தனை ஆண்டுகள் புகைத்தார்கள், பின்னாளில் என்ன ஆனார்கள் என்று ஒரு தலைமுறையைத் தொடர்ந்து சென்று பார்க்கும் முறையை அக்கால மருத்துவம் அறிந்திருக்கவில்லை.

இன்று கஞ்சாவுக்குத் தடையே கூடாது என வாதிடுவோர் உலகெங்கும் இவ்வறிக்கையை ஏந்தி வருகின்றனர். ‘பார்த்தீர்களா, 1894-லேயே கஞ்சா குற்றமற்றது என்று சொல்லிவிட்டார்கள்’ என்பது அவர்கள் கூற்று. இதுவும் பிழையான வாசிப்பு. கஞ்சாவால் பைத்தியம் விளைகிறது என்பது பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று சொன்ன அதே அறிக்கை, சிலருக்கு அது விளையத்தான் செய்கிறது, அதில் ஐயமில்லை என்றும் சொல்கிறது. அளவு மீறிய பழக்கம், ஏற்கெனவே தளர்ந்த மனத்தை மேலும் தளர்த்தும் என்றும் எச்சரிக்கிறது. காவலர் ஒரு பாதியை மட்டும் எழுதினார். இவர்கள் மறு பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

பின்வந்த அறிவு

குழுவால் செய்ய இயலாததைப் பின்வந்தோர் செய்தனர். சுவீடனில் 1969-70-இல் படைப்பணிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1987-இல் வெளியாயிற்று. 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களிடையே மனச்சிதைவு நோய் ஏறக்குறைய ஆறு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது இந்த அளவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மறைந்துவிடவில்லை.

நியூசிலாந்தின் டனிடின் நகரில், ஒரே காலத்தில் பிறந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் 2002-இல் ஒரு செய்தியைச் சொன்னார்கள். 15 வயதுக்குள் கஞ்சா பழகியவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேர் 26 வயதுக்குள் மனச்சிதைவைப் போன்ற நோய்க்கு ஆளாயினர். பழகாதவர்களிடம் அது நூற்றுக்கு மூன்று. அங்கும் சிறுவயதிலேயே தென்பட்ட மனக்கோளாற்றின் அறிகுறிகளைக் கணக்கில் கொண்டபோது வேறுபாடு சுருங்கிற்று. 2019-இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த ஆய்வு, நாள்தோறும் புகைப்போருக்கு உளப்பிறழ்வு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்றும், வீரியம் மிக்க வகைகளை நாள்தோறும் புகைப்போருக்கு ஐந்து மடங்கை நெருங்கும் என்றும் கூறிற்று. கஞ்சாவில் உள்ள டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் பொருளின் அளவைக் கொண்டே இந்த வீரியம் அளக்கப்படுகிறது.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் சில முடிவுகள் தெளிவாகின்றன. கஞ்சா புகைப்போருள் மிகப் பெரும்பாலோர் மனச்சிதைவுக்கு ஆளாவதில்லை. மனச்சிதைவுக்கு ஆளாவோருள் கஞ்சாவைத் தொட்டறியாதவர் மிகப் பலர். ஆனால் இளம் வயதில் தொடங்குவோருக்கும், அன்றாடம் புகைப்போருக்கும், குடும்பத்தில் மனநோய் உள்ளோருக்கும் ஆபத்து மெய்யானது. மேலும் ஒன்று: உள்ளே ஏதோ குலைவதை உணரும் இளைஞன், அந்தக் கலக்கத்தை அடக்கவே கஞ்சாவை நாடுவதும் உண்டு. அப்போது நோய் முன்னே நிற்கிறது, புகை பின்னே வருகிறது. நாளேட்டு வாக்கியத்தின் இலக்கணத்தில் இந்த வரிசைக்கு இடமே இல்லை.

தொழில்வழித்தடத்தின் வயது

இந்த அறிவை எடுத்துக்கொண்டு நம் வட்டாரத்துக்கு வருவோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் உருண்டு வெளிவந்தது முதல், ஒரகடத்தில் கார்களும் சரக்குந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் இன்றுவரை, இத்தொழில்வழித்தடம் ஒரு குறிப்பிட்ட வயதினரையே தேடித் தேடி அழைத்துக்கொண்டிருக்கிறது. பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை என்று அவ்வயதைப் பொதுவாகச் சொல்லலாம். தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் அவர்கள் வருகிறார்கள்.

மனச்சிதைவு நோய் முதன்முதலில் தலைகாட்டும் வயது எது? பெரும்பாலும் அதே வயதுதான். ஆண்களிடம் பதின்பருவத்தின் இறுதி முதல் இருபதுகளின் நடுவரை, பெண்களிடம் சற்றுப் பிந்தி. புலம்பெயர்வு உளப்பிறழ்வின் ஆபத்தைக் கூட்டும் காரணிகளுள் ஒன்று என்பதை உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. தொடர்ந்து உறக்கம் கெடுவது மனநோய்க்கு ஆளாகக்கூடியவரை விளிம்புக்குத் தள்ளும் என்பதும் மருத்துவர் அறிந்ததே. இங்கே வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுகிறது. ஒரே அறையில் பலர் முறைவைத்துத் தூங்குகிறார்கள். மொழி தெரியாத ஊர். ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியாத வேலை. இத்தனைக்கும் நடுவே, சில ரூபாய்த் தாள்களுக்குக் கைக்கெட்டும் ஒரு பொட்டலம். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து புறப்படும் அச்சரக்கு, அம்மலைகளுக்கு அருகிலிருந்து புறப்பட்ட தொழிலாளியை அவன் தங்கியிருக்கும் சந்திலேயே வந்து சந்திக்கிறது.

இந்நிலையில் ஓர் இளைஞன் பிதற்றத் தொடங்கினால், யாரோ தன்னைப் பின்தொடர்வதாக நள்ளிரவில் சாலையில் ஓடினால், நடப்பது என்ன? அறைத்தோழர் அஞ்சுகிறார்கள். ஒப்பந்தக்காரர் கணக்கை முடித்து ரயிலேற்றிவிடப் பார்க்கிறார். அக்கம்பக்கத்தார் ‘கஞ்சா கேஸ்’ என்கிறார்கள். 1892-இன் கட்டம் மீண்டும் நிரப்பப்படுகிறது. அதே மூன்று குறைகளோடுதான் நிரப்பப்படுகிறது: உறவினர் இல்லை, ஊர் தெரியாது, முன்கதை கேட்பார் இல்லை. அவன் உண்மையில் புகைத்தவனா, பல மாதங்களாக நோயுற்றிருந்தவனா, இரண்டுமா என்று கேட்க எவருக்கும் நேரமில்லை.

மறுபுறம், அதே அறையில் நாள்தோறும் புகைக்கும் பத்தொன்பது வயதுப் பையனிடம், ‘உன் வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததுண்டா? அப்படியானால் இது உனக்கு மற்றவர்களைவிட ஆபத்து’ என்று சொல்வாரும் இல்லை. அவனுக்குக் கிடைப்பவை இரண்டே குரல்கள். ஒன்று, இழுத்தால் பைத்தியம் என்று மிரட்டுவது. பத்துப் பேர் இழுத்தும் ஒன்றும் ஆகாததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். ஆகவே அக்குரலை நம்பமாட்டான். மற்றது, இது வெறும் மூலிகை, ஒன்றும் செய்யாது என்று கொஞ்சுவது. அதை நம்புவான். மிகைப்படுத்திய எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாத நிலையில் கொண்டுபோய் விடுகிறது.

சட்டமும் வாக்கியமும்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடுமையானது என்று அனைவரும் அறிவர். அதே சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருப்பதை அறிந்தவர் சிலரே. போதைக்கு அடிமையானவர், உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தால், அவர் தாமே முன்வந்து ஏற்புடைய நிலையத்தில் சிகிச்சை பெறும்போது வழக்கிலிருந்து விடுபட அது வழி செய்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள்ளேயே வைக்கிறது. அரசிடம் சிகிச்சை பெறுவதை உரிமையாகவும் ஆக்குகிறது. அதாவது, ‘கஞ்சாவால் வந்ததுதானே’ என்று சொல்லி எவரையும் மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, கஞ்சா, சரஸ், பாங்கு ஆகியவற்றை ஓராண்டில் பயன்படுத்தியோர் ஏறக்குறைய 3.1 கோடிப் பேர் என்றும், அவர்களுள் உதவி தேவைப்படுவோர் ஏறக்குறைய 72 லட்சம் பேர் என்றும் கணித்தது. தமிழகக் காவல்துறை 2021-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் பலமுறை சோதனைகள் நடத்தியது. கடத்துவோரைப் பிடிப்பது காவல்துறையின் கடமை. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘வேட்டை’ என்ற சொல்லை ஒரு வாசகனாக நிறுத்திப் பார்க்க வேண்டும். வேட்டையில் விலங்கு உண்டு, வேடன் உண்டு. நோயாளி என்ற மூன்றாமவருக்கு அதில் இடம் எங்கே?

இவ்விடத்தில் நம் கலைகள் செய்தித்தாளைவிடச் சற்று மேலாக நடந்துகொண்டதும் உண்டு. 2003-இல் பாலா இயக்கிய ‘பிதாமகன்’ படத்தில், சுடுகாட்டில் வளர்ந்தவன் கஞ்சாத் தோட்டத்தில் கூலியாகிறான். அவனும் கஞ்சா விற்று வயிறு வளர்க்கும் பெண்ணும் தலைப்புச் செய்திகளாக அல்லாமல் மனிதர்களாகத் தெரிகிறார்கள். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு முதலாளி இருப்பதையும் படம் மறைக்கவில்லை. ஆயினும் பொட்டலம் போய்ச் சேரும் அறையின் கதை, அங்கே உடையும் ஒரு மனத்தின் கதை, தமிழில் உரிய முறையில் இன்னும் எழுதப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம். ஆலைகளின் நடுவே வாழும் இளம் எழுத்தாளர்கள் அதை எழுத வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

மனநோயாளரை நாம் எங்கே வைத்திருந்தோம் என்பதற்கு 2001 ஆகஸ்டு 6 ஒரு சாட்சி. ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து ஓட முடியாமல் மாண்டார்கள். அதற்கு முன்னரே வேறு வழி இருந்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் பல்லாண்டு பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளர் குடும்பத்தோடும் வேலையோடும் வாழ முடியும் என்று காட்டினார். போதை நோய்க்குச் சிகிச்சையளிக்கச் சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய அமைப்பும் சென்னையிலேயே உள்ளது. 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண் வழியே, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. ஒடியா மொழி பேசும் இளைஞனின் அறைச்சுவரில் அந்த எண்ணை எழுதி ஒட்டுவதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் வேண்டியதில்லை.

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. படுக்கைகளை எண்ணத் தெரிந்த நாம், அவற்றில் உறங்காமல் விழித்திருப்பவர்களையும் எண்ணக் கற்க வேண்டும். விடுதிக் காப்பாளர், ஷிப்டு மேற்பார்வையாளர், வீட்டு உரிமையாளர், நம் பங்குகளில் இளைஞர் குழுக்களை நடத்துவோர் ஆகியோர் இளைஞனிடம் ஏற்படும் மாற்றத்தை முதலில் காண்பவர்கள். பல நாள் உறங்காமை, திடீரென ஒதுங்குதல், பிறர் கேளாத குரலுக்கு விடையளித்தல், காரணமற்ற அச்சம் ஆகியவை ஒழுக்கக் கேட்டின் அடையாளங்களாகவே கருதப்படுகின்றன. அவை ஒரு நோயின் தொடக்கமாக இருக்கலாம். தொடங்கிய உடனே சிகிச்சை பெற்றவர் மீளும் வாய்ப்பு, காலம் தாழ்த்தியவரைவிட நன்று என்பது மருத்துவ உலகம் ஏற்ற உண்மை.

ஆகவே அடுத்த முறை அந்த வாக்கியத்தை நாளேட்டில் காணும்போது நாம் மூன்று கேள்விகளை எழுப்புவோம். இதை எழுதியவருக்குச் சொன்னவர் யார்? அந்த இளைஞனின் வீட்டாரிடம் எவரேனும் பேசினார்களா? அவனை ஒரு மருத்துவர் பார்த்தாரா? 1893-இல் அயல்நாட்டு அரசு ஒன்று தன் விடுதிகளில் கிடந்த முகமறியா மனிதர்களுக்காக, அவர்கள் ஊர் தேடி ஆளனுப்பி இக்கேள்விகளைக் கேட்டது. நம் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவனுக்காக நாம் அவற்றைக் கேட்பதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. விடை தெரியும்வரை ‘காரணம்’ என்னும் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.